பெஞ்சை இறக்குவதா, ஆளை ஏற்றுவதா

1

நாங்கள் பெர்த்துக்கு வந்து ஏழு வருஷம் நிறைந்த அன்று நான் கராஜில் உட்கார்ந்து ஒரு மேசையின் கால்களை அறுத்துக்கொண்டிருந்தேன். மகள் ரூத் கதவோரம் வந்து நின்று, இன்றைக்கு என்ன நாள் என்று தெரியுமா என இங்கிலீஷில் கேட்டாள். சனிக்கிழமை என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பதினான்கு வயது. பேச்சு, சாப்பாடு, நடை எல்லாம் இந்த ஊர் ஆகிவிட்டது. தலையில் அடித்துக்கொள்வது மட்டும் அவள் அம்மாவைப் போலவே அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் கராஜ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே சாதாரண வீட்டிலும் காருக்கு ஓர் அறை உண்டு. அந்த அறையில் கார் நிற்காது. கார் வெளியே வெயிலில் நிற்கும். அறைக்குள் துணி துவைக்கிற மெஷின், உடைந்த நாற்காலி, பிள்ளைகள் ஓட்டாத சைக்கிள், என்றைக்கோ வாங்கிய பெயிண்ட் டப்பா எல்லாம் குடியிருக்கும். நான் படுத்து எழுந்த பல இடங்களைவிட இந்த அறை பெரியது. பம்பாயில் ஒரு பட்டறையில் இருந்தபோது தரையில் எலித் தொல்லை என்பதால் இரும்பு ராவுகிற பெஞ்சின் மேலேதான் படுப்பேன். இரும்பைக் கடித்துப் பிடிக்கிற வைஸ் ஒரு ஓரத்தில் இருக்கும். அதை அணைத்துக்கொண்டு படுத்தால் உருண்டு விழ மாட்டோம். அதைக் கஷ்டம் என்று அப்போது நினைக்கவில்லை. வாடகை கேட்காத இடம் அது.

அடுத்தவன் பெஞ்சில் தூங்கியவனுக்குச் சொந்தமாக ஒரு பெஞ்சு போடும் ஆசை வந்ததில் அதிசயம் இல்லை. புல் வெட்டும் மெஷின்களைப் பழுது பார்க்கிற கடையில் எனக்கு வேலை. சனி ஞாயிறுகளில் அக்கம்பக்கத்து மெஷின்களை வீட்டிலும் பார்ப்பேன். ஆனால் பெஞ்சின் உயரம் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக ஆனதற்குக் காரணம் நான் இல்லை. என் மனைவி எஸ்தரின் முதுகு.

2

எஸ்தர் நர்ஸ். எங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்ததே அவள் படிப்புதான். எட்டாம் வகுப்போடு நின்ற என்னை எந்த நாடும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காது. அவளுடைய விண்ணப்பத்தில் உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ஏழு வருஷமாக உடன் வந்துகொண்டிருக்கிறேன்.

முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஒரு நாள் கட்டிலிலிருந்து சரிந்த கிழவர் ஒருவரை விழாமல் தாங்கிப் பிடித்தாள். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுக்கு முதுகின் அடிப்பக்கம் பிடித்துக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்தவள் காரிலிருந்து இறங்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நஷ்டஈட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது நான் எடுத்தேன். எங்கே வலி என்று கேட்டார்கள். நம் ஊரில் அந்த இடம் முழுவதும் இடுப்புதானே? இடுப்புக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஹிப். அதைச் சொன்னேன். ஹிப் என்று எழுதிக்கொண்டார்கள். தொடை எலும்பு சேருகிற இடத்தைப் படம் எடுத்து, அங்கே ஒரு குறையும் இல்லை, வேலைக்குப் போகலாம் என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். அது இடுப்பு இல்லை, முதுகு என்று அந்த அலுவலகத்துக்குப் புரியவைக்க ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. எஸ்தர் நர்ஸாக இருந்தும் அவள் வலியை அவள் வாயால் சொல்ல விடாமல் போனைப் பிடுங்கியவன் நான் என்று ரூத் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அதுவும் இங்கிலீஷில்தான்.

கடைசியில் முடிவானது இதுதான். ஆளைத் தூக்குகிற வேலை இனி எஸ்தருக்குக் கிடையாது. ஆனால் அதே இல்லத்தில் வயதானவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை ஒன்று காலியாகப் போகிறது. அரை நாள் வேலை. தூக்க வேண்டாம், குனிய வேண்டாம், ஆனால் நின்றபடியே இருக்க வேண்டும். வருஷக் கடைசிக்குள் அவளால் அரை நாள் நிற்க முடிந்தால் அந்த இடம் அவளுக்கு. இல்லையென்றால் நர்ஸ் வேலை அத்தோடு முடிந்தது. அப்போது அவளால் ஒரு பானைச் சோறு வேகும்வரைகூட நிற்க முடியவில்லை.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு வழி சொன்னாள். சும்மா நின்றால் வலிதான் ஞாபகத்தில் இருக்கும். கைக்கு ஒரு வேலை கொடுத்து நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். என்ன வேலை பிடிக்கும் என்று கேட்டாள். துணி வெட்டித் தைப்பது என்றாள் எஸ்தர். தைக்க உட்கார வேண்டும், அதை அப்புறம் பார்க்கலாம், வெட்டுவது நல்லது என்றாள் அந்தப் பெண். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சமையலறை மேடை எஸ்தருக்கு மார்பு உயரம், தோள் தூக்கிக்கொள்ளும். சாப்பாட்டு மேசை தாழ்வு, முதுகு வளையும். இரண்டும் ஆகாது. முழங்கையை மடக்கி நின்றால் கைக்குச் சற்றுக் கீழே துணி இருக்க வேண்டும், அந்த உயரத்தில் ஒரு மேசை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே நான் கராஜைக் கூட்டிப் பெருக்கினேன். எனக்கு ஒரு பெஞ்சு, அவளுக்கு ஒரு மேசை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

3

உயரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ராஜபாளையத்தில் கற்றது. மில்லுகளுக்கு உதிரிப் பாகம் செய்துகொடுக்கிற சின்னப் பட்டறை அது. சங்கரன்கோவில் ரோட்டில் பஞ்சு லாரிகள் போகிற தூசியெல்லாம் எங்கள் மேல்தான். முதலாளி தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர், ஆறடிக்கு மேல் இருப்பார். எங்களோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் அவருடைய தெலுங்குக்குப் போய்விடுவார். அதனால் அவர் என்ன திட்டினார் என்று எங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அது ஒரு சௌகரியம்.

பெஞ்சை அவர் தன் உயரத்துக்குப் போட்டிருந்தார். அளவு எடுக்க டேப் வேண்டாம். வைஸ் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும், கையை மடக்கி முஷ்டியை மோவாய்க்குக் கீழே வைக்க வேண்டும், முழங்கை வைஸின் மேல் தட்டினால் அந்த உயரம் உனக்குச் சரி. அரம் பிடித்து ராவுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள். முதலாளிக்குத் தட்டும். நான் சேர்ந்த வயதில் என் முழங்கை வைஸுக்கு நேராகக்கூட வரவில்லை. பெஞ்சைக் கொஞ்சம் இறக்கினால் என்ன என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

“பெஞ்சு நின்ன எடத்துல நிக்கும்ல. நீதான் ஏறணும்” என்று சொல்லி, ஒரு மரப்பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் பலகை உண்டு. குள்ளமானவனுக்குக் கனத்த பலகை, நடுத்தரமானவனுக்கு மெல்லியது. புதிதாக ஒருவன் சேர்ந்தால் முதலில் அவனுக்குப் பலகைதான் தேடுவோம். எனக்கு இரண்டு வருஷத்தில் உயரம் கூடிக்கூடிப் பலகை மெலிந்து, கடைசியில் தரையிலேயே நின்றேன். முதலாளிக்கு அடுத்தபடி வெறுந்தரையில் நிற்கிறவன் நான் ஒருவன்தான். அது எனக்கு ஒரு பதவி உயர்வு மாதிரி இருந்தது. மறு மாசமே கோயம்புத்தூருக்கு ஓடிவிட்டேன். அங்கிருந்து பம்பாய். ஒரு இடத்தில் நிற்கப் பழகியதும் அந்த இடம் எனக்குப் பிடிக்காமல் போய்விடும். இதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

4

எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பிவந்து அதே பட்டறையில் சேர்ந்தபோது கண்ணில் ஒரு இரும்புத் தூள் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தவள் எஸ்தர். என்னை உட்காரவைத்தும் அவளுக்கு எட்டவில்லை. தாழ்ந்த முக்காலி ஒன்றை எடுத்துப்போட்டு, இன்னும் கீழே உட்காரச் சொன்னாள். “தலைய ஆட்டாம இருங்க, ஒங்க கண்ணுதான், வேற யாருக்கும் இல்ல” என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக மூன்று தடவை தேவையில்லாமல் கண்ணைக் காட்டப் போனேன்.

இரண்டு வீடும் வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவ வீடுதான் என்பதால் அந்த வகையில் தகராறு இல்லை. தகராறு என் காலைப் பற்றித்தான் வந்தது. மடவார் வளாகத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த அவள் அப்பா, இவன் பெண்ணைக் கட்டிக்கொண்டு எந்த ஊரில் விட்டுவிட்டுப் போவான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வருஷம் ஒரே இடத்தில் நின்று காட்டட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

நின்றேன். அந்த ஒரு வருஷம் போல நான் எங்கும் நின்றதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் அவர் பஸ் ஏறி ராஜபாளையம் வருவார், எதிர்த்த டீக்கடையில் டீ குடிப்பார், நான் பெஞ்சடியில் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். முதலாளி அவரைக் கண்டதும், “ஏலே தாசு, ஒம் மாமா ஆஜர் எடுக்க வந்துட்டாரு, நேரா நில்லு” என்பார். பட்டறை முழுவதும் சிரிக்கும். வருஷக் கடைசியில் ஒரு நாள் மாமா டீக்கடையிலிருந்து எழுந்து ரோட்டைக் கடந்து வந்து, என் தோளைத் தொட்டு, “கால் வலிக்கலயா?” என்றார். சம்மதம் அப்படித்தான் கிடைத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பஹ்ரைன், அங்கிருந்து இங்கே. அதற்கும் மாமா சிரித்துக்கொண்டே, ஓடுகிறவன் இப்போது என் மகளையும் சேர்த்து ஓட்டுகிறான் என்றாராம்.

5

கராஜ் பெஞ்சைக் கனத்த மரத்தில் செய்தேன். எஸ்தரின் உயரம் என் மார்பு வரைதான். என் முழங்கைக்கும் அவள் முழங்கைக்கும் கிட்டத்தட்ட ஒரு சாண் வித்தியாசம். அதற்கு நான் செய்தது என்ன என்று ராஜபாளையத்துக்காரர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். பெஞ்சை என் உயரத்துக்குப் போட்டேன், அவளுக்கு ஒரு பலகை போட்டேன். நல்ல அகலமான பலகை, ஓரமெல்லாம் உருட்டி, வழுக்காமல் இருக்க மேலே பழைய ரப்பர் விரிப்பு ஒட்டினேன். அதைச் செய்யும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஆளுக்கு ஒரு பலகை. அப்படித்தானே உலகம் நடக்கிறது?

எஸ்தர் ஏறி நின்று பார்த்து, நல்லா இருக்கு என்றாள். தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் சட்டைத் துணி கொடுத்திருந்தார்கள். நான் ஒரு ஓரத்தில் வைஸில் வேலை பார்த்தேன், அவள் மறு ஓரத்தில் வெட்டினாள். நாலைந்து நாள் நன்றாகப் போனது.

இரும்பு ராவுகிறவன் நின்ற இடத்தில் நிற்பான். துணி வெட்டுகிறவள் அப்படி நிற்க மாட்டாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. நீளத் துணியை விரித்தால் அதன் கூடவே பக்கவாட்டில் நடக்க வேண்டும். வெட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் அடி பின்னால் போக வேண்டும். அவள் பின்னால் போனாள். அங்கே பலகை இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது. படுக்கையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன்.

“பலகைய என் கால்லயே கட்டிவிட்டுருக்கலாம்” என்றாள் படுத்தபடி. சிரிக்கத்தான் சொன்னாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சேர்த்துவைத்த நேரமெல்லாம் போனது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

6

அப்படித்தான் ஏழு வருஷம் நிறைந்த அன்று நான் அந்தப் பெஞ்சு மேசையின் காலை அறுக்க உட்கார்ந்தது. ராஜபாளையத்தில் யாரும் செய்யாத காரியம். நாலு காலையும் ஒரே அளவில் அறுத்தேன் என்றுதான் நினைத்தேன். நிமிர்த்தி வைத்தால் ஆடியது. ஒரு காலை இன்னும் கொஞ்சம் அறுத்தேன், மறுபக்கம் ஆடியது. இப்படியே போனால் சோற்றுக்கு உட்காருகிற மணையாகத்தான் முடியும் என்று பயந்து, ஒரு காலுக்கடியில் தகரத்தை மடித்துவைத்து நிறுத்தினேன்.

பெஞ்சு இப்போது எஸ்தருக்குச் சரியான உயரம். வெறுந்தரையில் நின்று, முன்னும் பின்னும் நடந்து வெட்டினாள். பேசிக்கொண்டே வெட்டுவாள். இல்லத்திலிருந்த கிழவிகளின் கதை, மாமா கடையில் கருப்பட்டி வாங்க வருகிறவர்களின் கதை, ரூத்தின் பள்ளிக்கூடத் தோழிகளில் யார் நல்லவள், யார் வாயாடி என்ற ஆராய்ச்சி. பேச்சு நீள நீள நிற்கிற நேரமும் நீண்டது. பயிற்சி கொடுக்கிற பெண் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

நான்தான் கூனிவிட்டேன். அவள் உயரத்துக்கு வைஸ் இருந்தால் எனக்கு அது தொடைக்குச் சற்று மேலே வரும். அரத்தைத் தள்ளத் தள்ள முதுகு வளையும். எனக்குப் பழக்கம்தான், மோசமான இடங்களில் மோசமாக நின்றவன்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் இருப்பவள் நர்ஸ்.

“நேத்துக் கார்ல ஏறும்போது கதவப் பிடிச்சுக்கிட்டு எதுக்கு நின்னீங்க?”

“சாவியத் தேடுனேன்.”

“சாவி கையிலதான இருந்துச்சு.”

நான் அரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“எம்புட்டு நாளா வலிக்கி?”

“வலியெல்லாம் இல்ல.”

“முதுகு வலிக்காரிகிட்டயே முதுகு வலிய மறைக்கீங்களே. ஒருத்தி படுத்தது போதும். ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யாரு கஞ்சி வைப்பா, ரூத்தா?”

துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் கராஜுக்கு வரவில்லை. பெஞ்சை உங்கள் உயரத்துக்கு ஏற்றுகிறவரை நான் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏற்றினால் அவளுக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இருவருக்கும் ஆகாது. கையால் சுற்றினால் ஏறி இறங்குகிற மேசை இந்த ஊரில் கிடைக்கிறது. கடையில் போய்ப் பார்த்தேன், அதன் விலை எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை.

ரூத்துக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. இரண்டு மேசை போடுங்கள் என்றாள். கராஜில் ஒரு சுவரில் மெஷினும் தண்ணீர் சூடாக்குகிற தொட்டியும், ஒரு பக்கம் ஷட்டர், ஒரு பக்கம் வீட்டுக்குள் போகிற வாசல். பெஞ்சுக்கு இருந்தது ஒரு சுவர்தான். அப்படியானால் அம்மாவுடைய மேசையை ஹாலில் போடுங்கள் என்றாள். அதற்கு எஸ்தர்தான் பதில் சொன்னாள்.

“ஹால்ல தனியா நின்னா செத்த நேரம்கூட நிக்க மாட்டேன். பேச்சுக்கு ஆளு இருந்தாத்தான் நிக்கது தெரியாது. இவியள விட்டா என் பேச்ச யாரு கேக்கா?”

நீ கேட்பாயா என்று அவள் ரூத்தைக் கேட்கவில்லை. ரூத் காதில் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். முன்பெல்லாம் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் கேள்வி கேட்டவள். இந்த வயதில் எந்த ஊரிலும் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும் என்று எஸ்தர் சொல்வாள். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இந்த வயதில் நான் வீட்டிலேயே இல்லை.

நாள் போய்க்கொண்டிருந்தது. எஸ்தர் படுக்கையில் துணியை விரித்துக் குனிந்து வெட்டப் பார்த்தாள், முடியவில்லை, விட்டுவிட்டாள். மறுபடியும் உட்கார்ந்தே இருக்க ஆரம்பித்தாள்.

7

சுந்தரபாண்டியத்தில் என் பெரியப்பா தறி போட்டிருந்தார். குழித்தறி. தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். பெரியப்பா நெட்டை, அவர் குழி ஆழம். அவர் ஊருக்குப் போனால் அந்தத் தறியில் பெரியம்மா உட்காருவாள். அவளுக்குக் கால் எட்டாது, குழிக்குள் ஒரு செங்கல் போட்டுக்கொள்வாள். தறியை யாரும் தொட மாட்டார்கள்.

ஒரு நாள் வேலையில் மதியச் சோறு சாப்பிடும்போது இது எனக்கு ஞாபகம் வந்தது. பெஞ்சை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். பெஞ்சு எஸ்தர் உயரத்திலேயே நிற்கட்டும். நான் இறங்கினால் போதும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எஸ்தர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

“நல்ல தரைய ஒடைக்கணுமா?”

“ஒடைப்போம். நம்ம தரைதான.”

“பாங்குக்காரன் தரை. இன்னும் கடன் முடியல.”

“அவன் வந்து எட்டிப் பாக்கவா போறான்?”

சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வலிக்காமல் சிரித்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் இந்த ஊரில் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று ஹிப் விவகாரத்தில் கற்றிருந்தேன். நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பள்ளம் தோண்ட என்றால் அவர்களிடம் நீச்சல் குளம், கழிவுத் தொட்டி, மீன் குளம் என்று தனித்தனியாக இருந்தன. என்னுடையது எதிலும் வரவில்லை. எதற்காகப் பள்ளம் என்று கேட்டாள் அங்கிருந்த பெண். நான் உயரம் குறைய வேண்டும் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பெஞ்சு, எஸ்தர், முதுகு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, எவ்வளவு ஆழம் என்றாள். முழங்காலுக்குக் கீழே கையால் காட்டினேன். இதற்கு அனுமதி வேண்டாம், சுவரின் அஸ்திவாரத்துப் பக்கம் போகாதே, ஓரத்தில் மஞ்சள் வர்ணம் அடி, வேலை இல்லாதபோது மூடிவை என்றாள். நான் கிளம்பும்போது, உன் மனைவி எவ்வளவு உயரம் என்று கேட்டாள். காட்டினேன். தானும் அந்த உயரம்தான் என்று எழுந்து நின்று காட்டினாள்.

அடுத்த வீட்டு இவான் கான்கிரீட் வெட்டுகிற மெஷின் கொண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்டால், நான் பிறந்த நாடு இப்போது அந்தப் பெயரில் இல்லை என்பார். நாற்பது வருஷமாக இந்த ஊரில் தரை போட்டவர். காரின் அடியைப் பார்க்கப் பள்ளம் தோண்டுகிறவர்களைத் தெரியும், பெண்டாட்டி உயரத்துக்கு இறங்கத் தோண்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கான்கிரீட்டை எடுத்ததும் அடியில் கடற்கரை மணல். பெர்த் முழுவதும் மணல்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தோண்டுவது சுலபம், சரிந்து விழாமல் நிறுத்துவதுதான் பாடு. சுற்றிலும் செங்கல் வைத்துக் கட்டினோம்.

எஸ்தர் நடக்கிற பக்கத்தில் பள்ளம் இருக்கக் கூடாது என்பதால் பெஞ்சைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டேன். வைஸை மறுபக்க விளிம்புக்கு மாற்றினேன். சுவர்ப் பக்கம் என் பள்ளம், வாசல் பக்கம் அவள் தரை. கொஞ்சம் தோண்டுவேன், இறங்கி நிற்பேன், முஷ்டியை மோவாய்க்குக் கீழே வைத்து முழங்கையால் வைஸைத் தேடுவேன். எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரூத் கேமராவோடு வந்து, தன் அப்பா தனக்குத்தானே குழி வெட்டுவதைப் படம் எடுத்தாள். முழங்கை தட்டியதும் எஸ்தர், போதும், அதுக்கு மேல போனா ஒங்க மூஞ்சியப் பாக்க நான் குனிய வேண்டியிருக்கும் என்றாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. இத்தனை வருஷம் நான் அவள் வகிட்டைத்தான் பார்த்திருக்கிறேன், அவள் என் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்திருக்கிறாள். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

“மூக்குல எம்புட்டு முடி” என்றாள்.

8

டிசம்பர் இங்கே கோடை. கிறிஸ்துமஸுக்குச் சபைப் பிள்ளைகள் தேவதூதர்களாக வர வேண்டும். அதற்கு அங்கி வெட்டிக் கொடுக்க எஸ்தர் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு இருவரும் கராஜுக்கு வந்தோம். அவள் பெஞ்சு நிறைய வெள்ளைத் துணியை விரித்தாள். நான் பள்ளத்தில் இறங்கி ஒரு புல் வெட்டுகிற மெஷினின் கத்தியை வைஸில் மாட்டினேன். அவள் பேசினாள், நான் கேட்டேன், அரமும் கத்தரிக்கோலும் ஓடின.

துணியும் இரும்பும் ஒரே பெஞ்சில் இருந்தால் என்ன நடக்கும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் உயரத்தை மட்டும்தான் யோசித்தோம். ராவின தூளை வாயால் ஊதினேன். பட்டறைப் பழக்கம். கருந்தூள் முழுவதும் எதிரே போய் தேவதூதர்கள் மேல் இறங்கியது. அதைத் தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். கையில் கிரீஸ்.

எஸ்தர் ஆரம்பித்தாள்.

வெள்ளைத் துணி என்று தெரியவில்லையா, கண் எங்கே இருக்கிறது, தூளை ஊதித்தான் அன்றைக்குக் கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது, அப்போதும் புத்தி வரவில்லையா, பம்பாயில் பெஞ்சு மேல் படுத்தவனுக்கு பெஞ்சின் அருமை எப்படித் தெரியும், அப்பா அன்றைக்கே சொன்னார், கேட்டேனா, இப்போது இந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் என்ன சொல்வது, கரியில் பிறந்த தேவதூதர்கள் என்றா. ஒன்றை முடித்து ஒன்றைத் தொடவில்லை, எல்லாம் ஒரே மூச்சு. சமதரையாக இருந்தால் நான் இந்நேரம் காரைப் பார்க்கிற சாக்கில் வெளியே போயிருப்பேன். முன்பெல்லாம் அவள் திட்டு என் சட்டைப் பையோடு நின்றுவிடும், முகத்துக்கு வராது. இப்போது நேரே வந்தது. பள்ளத்தில் நிற்கிறவன் எங்கே ஓடுவான்?

பின்னால் சுவர், முன்னால் எஸ்தர். நின்று கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் எனக்கு உறைத்தது, இந்த வருஷம் முழுவதும் அவள் என்னை ஒரு தடவைகூட இப்படித் திட்டவில்லை. பலகையிலிருந்து கால் தவறியபோதுகூடத் திட்டவில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து ரூத் வந்தாள். மணி என்ன தெரியுமா, இன்றைக்குச் சோறு உண்டா இல்லையா என்று தமிழில் கேட்டாள். பசித்தால் அவளுக்குத் தமிழ் வரும். எஸ்தர் சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தாள். அதன்மேல் காலையில் அவள் வைத்த துணிக்கட்டு அப்படியே இருந்தது. பிறகு குனியாமல், கண்ணை மட்டும் இறக்கித் தன் காலைப் பார்த்தாள். இட்லி சாப்பிட்டு எழுந்தவள் அரை நாளாக அந்தக் காலில்தான் நின்றிருக்கிறாள்.

“ஏட்டி, செத்த நேரம் பொறு. இந்தக் கைய வெட்டிட்டு வாரேன்” என்றாள் ரூத்திடம்.

கத்தரிக்கோலை எடுத்து, கிரீஸ் படாத பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தாள். புயல் கடந்துவிட்டது என்று நினைத்து நான் பள்ளத்தின் விளிம்பில் கையை ஊன்றி ஒரு காலை மேலே வைத்தேன்.

“எங்க ஏறுதீங்க?” என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் இன்னும் முடிக்கலயே.”

நான் மறுபடியும் பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டேன்.